பார்க்காத குதிரைக்கு ஒரு சேணம்

சுவரில் அடித்த ஆணியில் அட்டைகள் தொங்குகின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு வளைவு வெட்டப்பட்டிருக்கிறது. சில கவிழ்த்த சட்டிபோல அகலம், சில ஓட்டுக்கூரையின் முகடுபோலக் கூர்மை. ஓரத்தில் ஓர் எண். அவ்வளவுதான். கடல் கடந்து எங்கோ ஒரு லாயத்தில் நிற்கும் குதிரையின் முதுகு அது. அந்த அட்டையை மட்டும் நம்பி, கான்பூர் ஜாஜ்மவ் பகுதியின் ஒரு மாடி அறையில் வண்டிக் குதிரைக்குச் சேணம் தைக்கிறார்கள்.

தோல் வியாபாரத்துக்காக வாணியம்பாடிக்கும் கான்பூருக்கும் போய்வரும் நண்பர் ஒருவர்தான் இந்த அறைக்கு அழைத்து வந்தார். 'வளையுற சேணம் தைக்கிறாங்க, வந்து பாருங்க' என்று ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அறையில் ஐந்து பேர். எல்லோரும் உஸ்தாத் என்று அழைக்கும் மூத்தவருக்கு அறுபதைத் தாண்டியிருக்கும். அவர் உருதுவில் சொல்லச் சொல்ல, நண்பர் தமிழில் சொன்னார்.

சவாரிச் சேணம் வேறு, வண்டிச் சேணம் வேறு. பழனி அடிவாரத்தில் ஜட்கா ஏறியவர்களுக்கு இது தெரிந்திருக்கும். வண்டியை இழுப்பது மார்பிலோ கழுத்திலோ கிடக்கும் பட்டை. முதுகில் இருக்கும் சிறிய மெத்தைக்கு இழுக்கும் வேலை இல்லை, தாங்கும் வேலை. இரண்டு ஏர்க்கால்களையும் வார்க்கண்ணியில் மாட்டி, அந்த வார் மெத்தையின் மேலே போகிறது. ஆட்கள் முன்பக்கம் நெருங்கி உட்கார்ந்தால் ஏர்க்கால் முதுகை அமுக்கும். பின்பக்கம் சாய்ந்தால் ஏர்க்கால் மேலே எழும்பும், வயிற்று வார் பிடித்திழுக்கும். இரண்டே சக்கரம் என்பதால் சாலையின் ஒவ்வொரு பள்ளமும் முதலில் சக்கரத்துக்கும் அடுத்த நொடி குதிரையின் முதுகுக்கும் போய்ச் சேரும்.

அந்த முதுகு சும்மா இருக்கும் பலகை அல்ல. குதிரைக்குக் காறை எலும்பு கிடையாது. முன்னங்கால் உடம்போடு தசையால் மட்டுமே கட்டப்பட்டிருக்கிறது. காலை முன்னே வீசும்போது தோள்பட்டை எலும்பின் மேல்விளிம்பு பின்னோக்கிச் சாயும். சேணத்தின் முன்விளிம்பு அந்த இடத்தில் கடினமாக இருந்தால், ஒவ்வொரு அடிக்கும் எலும்பு அதில் இடிக்கும். நடுவில் முதுகெலும்பு. மார்புப் பகுதியில் மட்டும் பெரும்பாலும் 18 முள்ளெலும்புகள். அவற்றின் நுனிகளில் முன்பக்கத்தவைதான் தோள்மேடாக எழுந்து நிற்கின்றன. அந்த நுனிகளின் மேல் எந்தச் சுமையும் உட்காரக் கூடாது. இரண்டு பக்கமும் ஓடும் தசைதான் தாங்க வேண்டும். தவறினால் முதலில் வீக்கம், பிறகு புண். புண் ஆறிய இடத்தில் முடி வெள்ளையாக முளைக்கும். பழுப்புக் குதிரையின் முதுகில் உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளை தெரிந்தால், பெரும்பாலும் அது ஒரு பழைய சேணம் எழுதிவைத்த கையெழுத்து.

அப்படியென்றால் சேணம் முழுவதையும் வளையும்படி செய்துவிட்டால் தீர்ந்ததா? நாமும் அதைத்தான் கேட்டோம். உஸ்தாத் பதில் சொல்லவில்லை. ஒரு தடித்த கம்பளித் துண்டைத் தன் தொடையில் விரித்து, மேலே ஒரு வாரைப் போட்டு, இரு நுனியையும் கீழே இழுக்கச் சொன்னார். வார் போன தடத்தில் மட்டும் கம்பளி பள்ளமாகி, தொடையில் அமுங்கியது. மற்ற இடமெல்லாம் சும்மா கிடந்தது. அடுத்து கம்பளிக்கும் வாருக்கும் நடுவில் வளைந்த தகடு ஒன்றை வைத்து அதே இழுப்பு. இப்போது அழுத்தம் பரவியதைத் தொடையே சொல்லும் என்று தட்டிக் காட்டினார்.

இவருடைய வடிவமைப்பின் உயிர் இதில்தான் இருக்கிறது. முதுகெலும்புக்கு மேலே பாலம்போல நிற்கும் நடுவளைவு அசையவே கூடாது. அசைந்தால் கீழே உள்ள இடைவெளி மூடிவிடும். அதன் இரு பக்கமும் விலாவின் மேல் படியும் சிறகுகள் வளைய வேண்டும், அதுவும் விளிம்புக்குப் போகப்போக அதிகமாக. நடுவில் எஃகு. அதிலிருந்து இறங்கும் பிளாஸ்டிக் தகட்டை விளிம்பு நோக்கிச் சீவிச் சீவி மெல்லியதாக்குகிறார். அதன்மேல் தோல், அடியில் கம்பளிப் பஞ்சு அடைத்த இரண்டு மெத்தைகள். இரண்டுக்கும் நடுவே முதுகெலும்புக்கு ஒரு வாய்க்கால். ஏர்க்கால்களைத் தாங்கும் வாரைச் சேணத்தில் தைப்பதே இல்லை. ஒரு குழாய்போன்ற தடத்துக்குள் அது வழுக்கி ஓடும். வண்டி ஒரு பக்கம் சாய்ந்து ஓர் ஏர்க்கால் ஏறி மற்றது இறங்கும்போது வார் மட்டும் நகரும், சேணம் இருந்த இடத்தில் இருக்கும். ஆணியடித்து இறுக்கிய வாராக இருந்தால் மொத்தச் சேணமும் முதுகில் முறுக்கிக்கொள்ளும்.

அறையில் பிறந்த யோசனை மட்டுமல்ல இது. சவாரிச் சேணத்தில் இதே கேள்வியை ஆராய்ந்திருக்கிறார்கள். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஹிலாரி கிளேட்டனும் உடன் பணியாற்றியவர்களும் அழுத்தத்தை அளக்கும் விரிப்பைச் சேணத்துக்கு அடியில் வைத்து அளந்து, 2012-ல் முடிவை வெளியிட்டார்கள். சட்டமே இல்லாத மெத்துச் சேணத்தில் தொடும் பரப்பு குறைந்தது, அழுத்தம் ஓரிடத்தில் குவிந்தது. உஸ்தாத் தொடையில் காட்டியதும் அதுவே.

ராணுவங்கள் இந்தப் பாடத்துக்கு மிகப் பெரிய விலை கொடுத்தன. 1891-லேயே ஆங்கில ராணுவக் கால்நடை மருத்துவர் ஃபிரெடெரிக் ஸ்மித், சேணங்களையும் முதுகுப் புண்களையும் பற்றித் தனிக் கையேடு எழுதிவிட்டார். எட்டு ஆண்டுகள் கழித்துத் தொடங்கிய போயர் போரில் ஆங்கிலேயர் தரப்பில் மட்டும் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட குதிரைகள் இறந்தன. பசி, நோய், ஓயாத ஓட்டம் என்று காரணங்கள் பல. பிறகு 1912-ல் வந்த ராணுவச் சேணத்தில் பக்கப் பலகைகளை இரும்பு வளைவோடு இறுக்காமல், அசைந்து கொடுக்கும்படி கோத்தார்கள். இளைத்த குதிரைக்கும் கொழுத்த குதிரைக்கும் அதே சேணம் தன்னைச் சாய்த்துக்கொண்டு பொருந்தியது. நூறாண்டு கடந்தும் அந்த யோசனை இந்த மாடியறையில் பிளாஸ்டிக் தகடாக உயிரோடு இருக்கிறது.

கான்பூருக்கும் அந்த வரலாற்றில் நேரடிப் பங்குண்டு. 1857 எழுச்சிக்குப் பிறகு ஆங்கில ராணுவம் இங்கே தன் சேணத் தொழிற்சாலையை நிறுவியது. அதன் வழிவந்த ஆலை இன்று ட்ரூப் கம்ஃபர்ட்ஸ் என்ற அரசு நிறுவனத்தின் கீழ் இருக்கிறது. நம் ஆவடி ராணுவ உடை ஆலையும் அதே நிறுவனத்தைச் சேர்ந்ததுதான். கான்பூர் சேணத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. ஊரின் பெயருக்குப் பாதுகாப்பு வந்துவிட்டது. தைக்கிறவரின் பெயர் எங்கும் இல்லை.

தோலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தெற்கே ஆவாரம்பட்டையில் பதனிட்டதுபோல இங்கே காலங்காலமாகக் கருவேலம்பட்டையில் பதனிட்டார்கள். எருமைத் தோலில் முதுகை ஒட்டிய பகுதிதான் சுமை தாங்கும் வாருக்கு ஆகும். வயிற்றுப் பக்கத் தோல் இழுத்தால் நீளும், திரும்பாது. ராம்பி என்று இவர்கள் அழைக்கும் அகன்ற கத்தியால், வாரின் நுனியைக் காகிதக் கனத்துக்குச் சீவுகிறார்கள். சாயம் ஏற்றுவதும் மெழுகு தேய்ப்பதும் நீண்ட வேலை. பார்க்க அதிகம் இல்லை.

தையல் அப்படியல்ல. முழங்கால்களுக்கு நடுவே மர இடுக்கியில் வாரைப் பிடித்து, குத்தூசியால் துளையிட்டு, ஒரே நூலின் இரு நுனியிலும் ஊசி கோத்து, ஒரே துளையில் எதிரெதிராக நுழைத்து இழுக்கிறார்கள். தேன்மெழுகு தடவிய நூல் துளையில் நுழையும்போது ஒரு சிறு முனகல் கேட்கிறது. இயந்திரத் தையலில் ஓரிடம் அறுந்தால் வரிசையாகப் பிரிந்துகொண்டே போகும். இதில் ஒரு நூல் அறுந்தாலும் மற்றது பிடித்திருக்கும். ஓடும் வண்டியில் அந்த ஒரு நூல்தான் ஆளையும் குதிரையையும் காப்பாற்றும்.

உஸ்தாத் பன்னிரண்டு வயதில் தாய்மாமனிடம் வந்து சேர்ந்தவர். முதல் இரண்டு வருடம் நூலுக்கு மெழுகு தடவுவது மட்டும்தான் வேலை. பாட்டனார் சேணத் தொழிற்சாலையில் கூலி. மாமன் தாங்கா வண்டிக்காரர்களுக்குத் தைத்தவர். வாசலிலேயே குதிரையை நிறுத்தி, கையால் தடவி அளவெடுப்பார். ஓர் ஈயப் பட்டையைத் தோள்மேட்டுக்குப் பின்னால் முதுகின் குறுக்கே அமுக்கி வளைத்து, வளைவு கலையாமல் எடுத்துத் தரையில் கோடு போடுவார். அந்த ஈயப் பட்டை இன்னும் இருக்கிறது. தகரப் பெட்டியிலிருந்து எடுத்துக் காட்டினார். விரல் பட்ட இடமெல்லாம் கறுத்துப் பளபளக்கிறது. மாமன் போன பிறகு வேலை ஏற்றுமதிப் பக்கம் திரும்பியது. குதிரை வாசலுக்கு வருவது நின்றது, அட்டை வரத் தொடங்கியது.

இருபது வருடத்துக்கு மேலாக அட்டைக்குத்தான் தைக்கிறார். அந்த அட்டை என்ன சொல்லும்? நிற்கும் குதிரையின் ஒரு குறுக்கு வளைவு. நடக்கும்போது தோள் எவ்வளவு பின்னால் போகிறது, இழுக்கப் போவது இரு சக்கர வண்டியா நான்கு சக்கர வண்டியா, முதுகில் பழைய புண் உண்டா, ஒன்றும் சொல்லாது. சேணம் போய்ச் சேர்ந்து, குதிரைக்குப் பொருந்தவில்லை என்று திரும்பினால் தவறு யாருடையது? அளவெடுத்தவர் கேள்விக்கு ஆளாவதில்லை. இடையில் ஆர்டர் பிடித்துத் தரும் முகவரும் கை கழுவிவிட்டு நகர்ந்துகொள்வார். கழிவது தைத்தவரின் கூலியில். ஒருமுறை ஒரு முகவர் பன்னிரண்டு சேணங்களை ஒரே கடிதத்தில் தள்ளுபடி செய்தார் என்று சொன்னபோது, உஸ்தாத்தின் குரல் மாறவில்லை. ஊசியை மட்டும் கீழே வைத்துவிட்டார்.

நமக்குக் கோபம் வந்தது, இப்போதும் தணியவில்லை. கூலி துண்டுக் கணக்கு. சரக்கு கப்பலேறி, அங்கே போய், வாங்குபவர் பார்த்த பிறகுதான் பணம் இறங்கி வரும். அதுவரை நூலும் மெழுகும் கடனில். 2019 கும்பமேளாவை ஒட்டிக் கங்கைக்காக ஜாஜ்மவ் பதனீட்டுச் சாலைகளை மாதக்கணக்கில் மூடினார்கள். ஆறு அழுகியது உண்மை, அதைத் தடுக்க வேண்டியதும் உண்மை. ஆனால் மூடிய மாதங்களில் தைப்பவர் வீட்டில் உலை வைப்பதற்கு யாரும் பொறுப்பேற்கவில்லை. வாங்குபவரின் பெயரும் தைப்பவரின் பெயரும் ஒருவருக்கொருவர் தெரியாமல் பார்த்துக்கொள்வதில்தான் இடையில் இருப்பவரின் பிழைப்பு ஓடுகிறது. ஒரு கைப்பேசிக் காணொளி போதும். குதிரை பக்கவாட்டில் நடப்பதும், முதுகை மேலிருந்து பார்ப்பதும், வண்டி பூட்டிய நிலையும் அதில் தெரிந்தால், இந்த அறையில் இருக்கும் ஐந்து பேரும் பாதித் தவறை ஊசி எடுக்கும் முன்பே திருத்திவிடுவார்கள். அனுப்பச் சொல்லி உஸ்தாத் இரண்டு முறை கேட்டிருக்கிறார். பதில் வரவில்லை.

கூர்ந்து பார்க்காமல் முடிவு சொல்வது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குப் புகழ்பெற்ற உதாரணம் ஒன்றுண்டு. பண்டைய பூட்டுவார்கள் குதிரையின் கழுத்தை நெரித்தன, அதனால்தான் அக்காலத்தில் கனமான சுமை இழுக்க முடியவில்லை என்று பிரெஞ்சு ராணுவ அதிகாரி லெஃபெவ்ர் தெ நோயெத் 1931-ல் எழுதினார். பல பத்தாண்டுகள் வரலாற்று நூல்கள் அதையே சொல்லிக்கொண்டிருந்தன. ழான் ஸ்ப்ருய்த் என்பவர் பழைய சிற்பங்களைக் கூர்ந்து பார்த்து, அவற்றிலிருந்த பூட்டுவார்களை அப்படியே செய்து, உண்மையான குதிரைகளில் மாட்டி ஓட்டினார். கழுத்து நெரிபடவில்லை. 1977-ல் தன் சோதனைகளை வெளியிட்டார்.

வெள்ளிக்கிழமை அறைக்கு விடுமுறை. தொழுகை முடிந்து, உஸ்தாத் தகரப் பெட்டியிலிருந்து ஈயப் பட்டையை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பழைய நகரத்தில் மூட்டை ஏற்றும் குதிரை வண்டிகள் இன்னும் சில நிற்கும் இடத்துக்கு நடந்தோம். 2019 கால்நடைக் கணக்கெடுப்பில் நாடு முழுக்கக் குதிரையும் மட்டக்குதிரையுமாக 3.4 லட்சம்தான்; ஏழு ஆண்டுகளுக்கு முந்தைய கணக்கைவிட ஏறக்குறைய 46 சதவீதம் குறைவு. மிச்சமிருப்பவை எந்த நிலையில் இருக்கின்றன என்பதைக் கணக்கெடுப்பு சொல்லாது. 37 பாகைக்கு மேல் வெயில் அடிக்கும் ஊரில் பன்னிரண்டு முதல் மூன்று மணிவரை வண்டி விலங்குகளை வேலை வாங்கக் கூடாது என்று 1965-லேயே மத்திய அரசு விதி வகுத்திருக்கிறது. மணி அப்போது இரண்டரை.

முதல் வண்டியில் ஒரு பழுப்புப் பெண் குதிரை. சேணம் என்ற பெயரில் மடித்த சாக்கு, அதன்மேல் இரும்புப் பட்டை. சேணம் பிறக்கும் ஊரிலேயே சேணம் இல்லாத குதிரை. வண்டிக்காரர் இளைஞர், நாங்கள் யாரோ அதிகாரிகள் என்று நினைத்து முதலில் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு நகரப் பார்த்தார். 'பேட்டா, பயப்படாதே' என்று உஸ்தாத் குதிரையின் கழுத்தில் கை வைத்தார். சாக்கை நீக்கினால், தோள்மேட்டின் இரு பக்கமும் வெள்ளை முடி. ஒரு பக்கம் ஈரமான புண். ஏர்க்காலைத் தூக்கச் சொன்னார். ஏற்றிய மூட்டைகள் எல்லாம் முன்பக்கம். இரண்டு மூட்டையைப் பின்னால் தள்ளிவைக்கச் சொன்னார். ஏர்க்கால் அவர் கையில் இலேசானது. இளைஞர் தானும் ஒருமுறை தூக்கிப் பார்த்துவிட்டு, மூன்றாவது மூட்டையையும் நகர்த்தினார்.

அதன் பிறகுதான் ஈயப் பட்டை வெளியே வந்தது. குதிரையின் தோல் ஒருமுறை சிலிர்த்து அடங்கியது. பட்டையை மெல்ல அமுக்கி வளைத்து, தரையில் விரித்த பழைய காலணிப் பெட்டி அட்டையில் கோடு போட்டார். பிறகு குதிரையை நான்கு அடி நடத்திக் காட்டச் சொல்லி, தோள் பின்னால் போகும் இடத்தில் சுண்ணக்கட்டியால் ஒரு புள்ளி வைத்து, அதையும் அட்டையில் குறித்தார். விலை பேசவில்லை. கழித்துப் போட்ட தோல் துண்டுகள் இருக்கின்றன, கம்பளிப் பஞ்சுக்கு மட்டும் காசு கொடு என்றார். புண் ஆறும்வரை வண்டி பூட்டாதே என்றதற்கு இளைஞர் தலையைக் குனிந்துகொண்டார். எத்தனை நாள் என்று கேட்டார். பத்து நாளாவது என்றார் உஸ்தாத். ஐந்து நாள் முடியும் என்றார் அவர். ஏழில் வந்து நின்றது.

அட்டையின் ஓரத்தில் எழுதக் குதிரையின் பெயர் கேட்டார். மோத்தி.