"சொன்னா குட்டிய அடிச்சிடுவாங்க, அக்கா"

எங்கள் மாலை நேர வகுப்புக்கு வரும் ஒன்பது வயதுப் பையன் ஒருவன் இரண்டு நாளாக இடது கையை டிரவுசர் பாக்கெட்டிலிருந்து வெளியே எடுக்கவே இல்லை. மூன்றாம் நாள் நோட்டு நழுவி விழுந்தது. பிடிக்கப் பாய்ந்தவனின் கையை அப்போதுதான் பார்த்தேன். கட்டைவிரலுக்குக் கீழே இரண்டு பல் தடம், மேலே காப்பித்தூள் அப்பிக் காய்ந்திருந்தது.

"என்னடா இது?"

"கம்பி கிழிச்சிடுச்சுக்கா."

பக்கத்தில் அவன் தங்கச்சி. நாலு வயது. அந்த வயதுக்கு ரகசியம் தாங்காது. "குட்டி கடிச்சிச்சு. அண்ணன் யாருகிட்டயும் சொல்லாதன்னுச்சு" என்று போட்டு உடைத்துவிட்டாள்.

அவன் அழ ஆரம்பித்தான். வலிக்காக இல்லை. "சொல்லிடாதீங்கக்கா, சொன்னா குட்டிய அடிச்சிடுவாங்க."

இரண்டு மாதக் குட்டி அது. ஏரிக்கரையில் கிடந்ததைத் தூக்கி வந்திருக்கிறான். குட்டிதானே, கடித்தால் என்ன என்று நம் பெரியவர்களே நினைக்கிறார்கள். குட்டிக்கும் வெறிநோய் இருக்கலாம். நோய்க்குறி தெரிய ஆரம்பித்துவிட்டால் அநேகமாகக் காப்பாற்றவே முடியாது. சந்தேகத்துக்குரிய நாய்க்கடிக்கு ஆளாகிறவர்களில் சுமார் 40 சதவீதம் பேர் 15 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்தக் கணக்கெல்லாம் தெரிந்த நான்தான் இரண்டு நாள் அந்தப் பாக்கெட்டைப் பார்த்தும் பாராமல் பாடம் நடத்தியிருக்கிறேன்.

சோப்புப் போட்டு, குழாயைத் திறந்துவிட்டு 15 நிமிடம் கழுவினோம். கடித்த உடனே செய்ய வேண்டியது. காப்பித்தூள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதையும் வைக்கக் கூடாது. அரசு மருத்துவமனையில் ஊசி இலவசம். போட்ட முதல் நாள், பிறகு 3, 7, 28ஆம் நாள் என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். ரத்தம் வந்த கடி என்பதால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலினும் போட்டார்கள். அப்போதுகூட அவன் கத்தவில்லை.

ஊசிதான் இலவசம், நாள் இலவசம் இல்லை. அவன் அம்மா சித்தாள் வேலைக்குப் போகிறவர். நாலு ஊசி என்றால் நாலு நாள் கூலி. "முதல் நாள் மட்டும் வரேன் மேடம், மத்த நாளு நீங்க இட்டுக்கினு போங்க" என்றார். அவரை அலட்சியமானவர் என்று மருத்துவமனை வரிசையில் யாரோ முணுமுணுத்தார்கள். எனக்கு வந்த கோபத்தை அங்கே காட்டவில்லை, இங்கே எழுதுகிறேன்.

அந்தப் பையனின் பயம் எனக்குப் புதிதில்லை. எங்கள் ஊரில் காலனி நாய் ஊர்த்தெருவுக்குள் போனால் கல்லடி படும். எது எந்தத் தெரு நாய் என்று எல்லோருக்கும் தெரியும். 2018இல் 'பரியேறும் பெருமாள்' பார்த்தபோது, கருப்பியைத் தண்டவாளத்தில் கட்டிய காட்சியில் நான் எழுந்து வெளியே போய்விட்டேன். மனிதரை அடிக்க முடியாத இடத்தில் அவர் வளர்க்கும் உயிரை அடிப்பார்கள் என்று சின்ன வயதிலேயே தெரிந்துகொள்கிற பிள்ளைகள் நாம்.

என் ஒன்பது வயதில் நானும் ஒன்றை மறைத்தேன். எங்கள் வீட்டில் ஆடு இருந்தது. ஆனால் எங்களுடையது இல்லை. வாரத்துக்கு வளர்த்தோம். ஊர்க்காரர் ஒருவருடைய பெட்டையாட்டை மேய்த்து, தழை ஒடித்துப் போட்டுக் காப்பாற்றினால் ஈனுகிற குட்டிகளில் பாதி அவருக்கு, பாதி நமக்கு. எது யாருக்கு என்று தேர்ந்தெடுக்கும் உரிமை அவருடையது. நான் மூன்று வயதில் ஆட்டுக்குட்டியின் காதைக் கடித்துவைத்தேன் என்று ஆயா சொல்லிச் சிரிக்கும். அந்த வயதில் அது எனக்கு இன்னொரு பிள்ளை, அவ்வளவுதான். ஒன்பதில் அப்படி இல்லை. செவலை இரண்டு குட்டி போட்டது. ஒன்று துள்ளும். இன்னொன்றுக்குக் காலில் பலமில்லை. துள்ளுவதற்கு மணி என்று பெயர் வைத்தேன். பங்கு பிரிக்க ஆள் வந்த அன்று மணியைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்தின் பின்பக்கம் போய் உட்கார்ந்துவிட்டேன். அது கத்தாமல் இருக்க என் பாவாடையைச் சப்பக் கொடுத்தேன்.

சாயங்காலம் அம்மாவைக் கூப்பிட்டு விட்டார்கள். அந்த வீட்டு வாசலில், தெருவில் நின்றபடியே அம்மா பேச்சு வாங்கியது. திருட்டு என்ற சொல்லையும் வாங்கியது. மணி அன்று இரவே போய்விட்டது. "மேய்ச்சலுக்குப் போயிருக்கு, வந்துடும்" என்றது அம்மா. நான் ஒரு மாதம் ஏரிக்கரையில் தேடினேன். மணி போனதை எப்போதோ மன்னித்துவிட்டேன். அந்த ஒரு மாதத்தை மன்னிக்க ரொம்ப நாளானது. ஒன்பது வயதுப் பிள்ளை உண்மையைத் தாங்கும். அம்மாவுக்குத்தான் அதைச் சொல்லத் தெம்பில்லை என்று இப்போது புரிகிறது.

பதினைந்து வயதில் எங்கள் பங்கில் வளர்ந்த கிடாவைச் சந்தைக்கு நானே ஓட்டிப் போனேன், பதினோராம் வகுப்புச் செலவுக்கு. கயிற்றைப் பிடித்துக்கொண்டு விலை பேசினேன். அழவில்லை. வியாபாரி குறைத்துக் கேட்டபோது கிடாவின் பல்லைத் திறந்து காட்டினேன். அந்தக் கிடாவுக்கு நான் பெயர் வைத்திருக்கவில்லை. வேண்டுமென்றேதான். எம்.ஏ.வில் குழந்தைப் பருவம் பற்றிப் படித்த பாடங்களில் நாய் வந்தது, பூனை வந்தது. செல்லப்பிராணி பிள்ளைக்குப் பொறுப்பைக் கற்றுத்தரும் என்று வந்தது. வாரத்து ஆடு வரவில்லை. 2011இல் அரசு ஏழைக் குடும்பங்களுக்கு 4 ஆடுகள் இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியபோது, 'இலவசத்தால் நாடு கெட்டது' என்று பேசிய நண்பர்களிடம் நான் மணியின் கதையைத்தான் சொன்னேன்.

மாலை வகுப்பு நடத்துகிற தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நாய் வளர்க்கிற வீட்டுப் பிள்ளைகளிடம் எல்லா வயதுக்கும் ஒரே மாதிரி பேசாதீர்கள். மூன்று நாலு வயதுக்கு உபதேசம் ஏறாது. அது நாயின் சோற்றுத் தட்டில் கை வைக்கும், முகத்தோடு முகம் வைக்கும். சின்னப் பிள்ளைகளுக்குத் தலையிலும் முகத்திலும் கடிபடுவது அதனால்தான். பக்கத்தில் பெரியவர் இருப்பது ஒன்றே வழி. எட்டு ஒன்பது வயதுக்காரன் எல்லாம் தெரிந்தவன், அன்பும் உள்ளவன். மறைக்கப்போவது அவன்தான். அவனிடம் முதல் நாளே சொல்லுங்கள்: "கடிச்சாலும் கீறினாலும் சொல்லு, நாயை யாரும் அடிக்க விடமாட்டோம்." சொன்னால் காப்பாற்றவும் வேண்டும். அது சுலபமில்லை.

நான் அந்தப் பையனிடம் சொல்லிவிட்டு வந்தபோது தெருவில் ஒருவர் ஏற்கெனவே தடியோடு நின்றார். அவருடைய வீட்டிலும் சின்னப் பிள்ளை உண்டு, அவருக்குக் கோபம் வந்ததில் தப்பில்லை. கடித்த நாளிலிருந்து 10 நாள் குட்டி நன்றாக இருந்தால் கடித்தபோது அதற்கு வெறிநோய் இல்லை, அடித்துக் கொன்றுவிட்டால் அது தெரியாமலே போகும் என்று சொன்னேன். யோசித்தார். "பத்து நாளு. கட்டிப் போடணும்" என்றார். பையன் கூப்பிடு தூரத்தில் உட்கார்ந்து தினமும் சாக்பீஸால் சுவரில் ஒரு கோடு போட்டான். பத்துக் கோட்டுக்குப் பிறகும் குட்டி குரைத்தது. ஊசியை நாங்கள் நிறுத்தவில்லை.

28ஆம் நாள் ஊசி போட்டுக்கொண்டு நேராகக் கால்நடை மருந்தகத்துக்குப் போனோம். குட்டிக்கு மூன்று மாதம் ஆகியிருந்தது, அதற்கும் வெறிநோய்த் தடுப்பூசி போட வேண்டும். உரச்சாக்கில் தலை மட்டும் வெளியே தெரிய அவன் தூக்கி வந்தான். தங்கச்சி வாலைப் பிடித்துக்கொண்டு வந்தாள். சொல்லிச் சொல்லிப் பார்த்தேன், விடவில்லை.

அங்கிருந்தவர் பதிவேட்டைத் திறந்து, "உரிமையாளர் பேரு?" என்றார்.

பையன் என்னைப் பார்த்தான். நான் பேசவில்லை. தன் பெயரைச் சொன்னான். பிறகு, சந்தேகத்தோடு அப்பா பெயரையும் ஊரையும் சொன்னான். அவர் எழுதினார்.

"எம் பேரும் எழுது" என்றாள் தங்கச்சி.