சொல்ல வந்த பிள்ளை

மேல்நிலை வகுப்புக்கு வேதியியல் எடுக்கிறவர்களுக்குப் பாதி வேலை ஆய்வகத்தில்தான். பிளஸ் டூவில் இந்தப் பாடத்துக்கான 100 மதிப்பெண்ணில் எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10. செய்முறைத் தேர்வுக்கு வேறு பள்ளியிலிருந்து தேர்வாளர் வருவார் என்று எத்தனை தடவை சொன்னாலும், அந்த 30 மதிப்பெண்ணும் தங்கள் ஆசிரியரின் பேனாவில்தான் இருக்கிறது என்று பிள்ளைகள் நம்புகிறார்கள். கெட்ட எண்ணம் கொண்ட ஆசிரியருக்கு இந்த நம்பிக்கையே போதும். அவர் மிரட்ட வேண்டியதில்லை. ரெக்கார்டு நோட்டில் கையெழுத்துப் போடாமல் நாலு நாள் இழுத்தடித்துவிட்டு, "ஸ்கூல் விட்டதும் லேபுக்கு வந்து வாங்கிக்கோ" என்று சொன்னால் முடிந்தது.

பயத்தைவிடப் பிரியத்தைத்தான் இப்படிப்பட்ட ஆசிரியர்கள் அதிகம் பயன்படுத்துகிறார்கள். அப்பா வெளிநாட்டில், அம்மா மில்லில் ஷிப்ட், பாட்டி வீட்டில் வளர்கிற பிள்ளை. மதியம் தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிற பிள்ளை. நல்ல ஆசிரியரின் கண்ணும் முதலில் அந்தப் பிள்ளை மேல்தான் விழும். "சாப்பிட்டியாம்மா?" என்று இருவரும் கேட்பார்கள். நோட்டுக்கும் தேர்வுக் கட்டணத்துக்கும் இருவரும் காசு கொடுப்பார்கள். இரண்டாவது, மூன்றாவது அடியில்தான் பாதை பிரிகிறது. நல்ல ஆசிரியர் அந்தப் பிள்ளையை நாலு பேரோடு சேர்த்துவிடுவார்: கிளாஸ் டீச்சரிடம் ஒரு வார்த்தை, அம்மாவுக்கு ஒரு போன், பக்கத்தில் உட்கார ஒரு தோழி. மற்றவர் நாலு பேரிடமிருந்து அவளைப் பிரிப்பார். "வீட்டுல சொல்ல வேண்டாம்", "அவளுங்களோட சேராதே, உன் லெவலே வேற", "இது நமக்குள்ள இருக்கட்டும்." ஆசிரியருக்கும் மாணவிக்கும் நடுவில் ரகசியம் என்று ஒன்று உண்டானால், அதில் தப்பான காரியம் இன்னும் எதுவும் நடக்காவிட்டாலும், பக்கத்து வகுப்பு ஆசிரியர் அன்றைக்கே தலையிட வேண்டும்.

ஆசிரியரின் பாலியல் அத்துமீறல் பற்றிச் செய்தி ஒன்று வெளியே வந்ததும், ஆசிரியர்கள் பிள்ளைகளிடம் பேச்சையே குறைத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்கிறவர்கள் கிளம்பிவிடுகிறார்கள். இதை என்னால் ஏற்க முடியாது. பேச்சைக் குறைத்தால் தனியாக இருக்கிற பிள்ளை இன்னும் தனியாகத்தான் போகும். அக்கறை எல்லாம் நாலு பேர் பார்க்க நடக்கட்டும். ஆய்வகத்தில் ஒரு பிள்ளை மட்டும் நிற்கிற நேரமே வரக்கூடாது. பாடம் பற்றிய செய்தி வகுப்புக் குழுவில் போகட்டும், அந்தக் குழுவில் இன்னொரு ஆசிரியரும் இருக்கட்டும். வீட்டு ட்யூஷன் வேண்டவே வேண்டாம். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 28ஆம் பிரிவு அதைத் தடுத்தே வைத்திருக்கிறது. இப்படிப்பட்ட ஏற்பாடுகளால் எந்த நல்ல ஆசிரியருக்கும் ஒன்றும் குறைந்துவிடாது.

பிள்ளைகள் தங்களுக்குள் ஒரு காவல் வைத்திருக்கிறார்கள். "அந்த சார்கிட்ட தனியா போகாதே" என்று மூத்த மாணவிகள் இளையவர்களுக்குச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். ரெக்கார்டு வாங்க ஒருத்தி போக வேண்டிய இடத்துக்கு மூன்று பேர் போய் நிற்பார்கள். ஸ்டாஃப் ரூமில் இருக்கிற எங்களுக்கு அது தெரியாமல் இருக்காது. ஆனால் அங்கே பேச்சு வேறு விதமாகப் போகும். "அவர் சென்டம் ரிசல்ட் கொடுக்கிறவர்", "அந்தப் பொண்ணே கொஞ்சம் அப்படித்தான்", "நமக்கு எதுக்கு வம்பு?" நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் இந்த மூன்றையும் ஒரே இடைவேளையில் கேட்டேன். சொன்னவர்கள் எல்லோரும் பெண் பிள்ளைகளைப் பெற்றவர்கள்.

"வம்பு" என்று ஒதுங்கச் சட்டம் யாரையும் விடவில்லை. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்க 2012 நவம்பர் 14 முதல் நடைமுறையில் இருக்கும் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி, குற்றம் நடந்ததென்று தெரிந்தவர் மட்டுமல்ல, நடக்கக்கூடும் என்று அஞ்சுகிறவரும் காவல்துறைக்குச் சொல்லியாக வேண்டும். உறுதிப்படுத்துவது ஆசிரியரின் வேலை கிடையாது. நல்லெண்ணத்தில் சொன்னவர் மேல் வழக்கும் வராது. சொல்லாமல் இருந்தால் ஆறு மாதம் வரை சிறை உண்டு. தனக்குக் கீழே வேலை செய்கிறவர் செய்ததை மறைத்த நிறுவனப் பொறுப்பாளருக்கு அது ஓராண்டு வரை போகும். மறைப்பது சின்ன விஷயமல்ல, கடுமையான குற்றம் என்று 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் சொன்னது. மகாராஷ்டிரத்தில் பழங்குடி மாணவிகள் விடுதி ஒன்றில் நடந்ததை மருத்துவர் தெரிவிக்கவில்லை என்ற வழக்கு அது.

இருந்தும் மூடிமறைப்பதுதான் நம் பள்ளிகளின் முதல் யோசனை. "ஸ்கூல் பேரு கெட்டுடும்" என்பார்கள். அதற்கு அடுத்து, "பொண்ணு வாழ்க்கை என்னாகும்?" இரண்டாவது கேள்வி கரிசனம் போலத் தெரியும், ஆனால் அது முதல் கேள்விக்குத்தான் வேலை செய்கிறது. அரசுப் பள்ளி என்றால் மாறுதல் வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். தனியார் பள்ளி என்றால் ராஜினாமாக் கடிதமும் அனுபவச் சான்றிதழும் கொடுத்து அனுப்புவார்கள். ஐம்பது கிலோமீட்டர் தள்ளி இன்னொரு பள்ளிப் பிள்ளைகளின் நடுவில் கொண்டுபோய் விடுவதற்குத் தண்டனை என்று பெயர் வைத்திருப்பது எனக்கு இன்றும் ஆத்திரத்தைத்தான் தருகிறது.

இன்னொரு வழி சமரசம். ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்து, பெற்றோரிடம் கையெழுத்து வாங்கி, "இனிமே இது பத்தி யாரும் பேசக்கூடாது" என்று முடித்துவிடுவார்கள். 2022இல் ராஜஸ்தானில் ஓர் ஆசிரியர் மேல் பதிவான வழக்கை, பெற்றோரோடு சமரசம் ஆகிவிட்டது என்பதை வைத்து அந்த மாநில உயர் நீதிமன்றமே ரத்து செய்தது. 2024 நவம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவைத் தள்ளி, இத்தகைய குற்றம் இரு தரப்பு பேசி முடித்துக்கொள்கிற தனிப்பட்ட விவகாரம் ஆகாது என்றது. மேல்முறையீட்டுக்குப் போனவர்கள் அந்தப் பிள்ளையின் உறவினர்கள் இல்லை. சம்பந்தமில்லாதவர்கள் என்று தட்டிக்கழிக்கப்படக்கூடிய ஊர்க்காரர்கள் அவர்கள்.

2021 மே மாதம் சென்னைப் பள்ளி ஒன்றில் படித்த பழைய மாணவிகள் சமூக வலைத்தளத்தில் எழுதிய பிறகுதான் ஓர் ஆசிரியர் கைதானார். அதைப் பார்த்துப் பல பள்ளிகளின் பழைய மாணவிகளும் பேசத் தொடங்கினார்கள். 2024 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத் தனியார் பள்ளியில் நடந்த போலி என்.சி.சி. முகாம் விவகாரத்தில், தகவலை மறைத்த பள்ளிப் பொறுப்பாளர்களும் கைதானார்கள். புகார் சொல்ல 1098, 14417 என்று எண்கள் இருக்கின்றன. பிள்ளைகள் எழுதிப் போட பள்ளியில் 'மாணவர் மனசு' பெட்டி இருக்கிறது. அந்தப் பெட்டியைத் தலைமையாசிரியர் அறை வாசலில் மாட்டினால் யாரும் பக்கத்தில் போக மாட்டார்கள். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், எல்லோரும் எதற்காகவோ நிற்கிற இடத்தில் மாட்ட வேண்டும்.

எப்படியிருந்தாலும் பிள்ளைகள் பெரும்பாலும் ஒரு மிஸ்ஸிடம்தான் வந்து சொல்வார்கள். வந்ததும் நேராகச் சொல்ல மாட்டார்கள். "அந்த சார் கிளாஸ் பிடிக்கல மிஸ்" என்று சொல்லி நம் முகத்தைப் பார்ப்பார்கள். "ஏன், நல்லாத்தானே எடுக்கிறாரு?" என்று நாம் கேட்டுவிட்டால் அதோடு சரி. "என்ன பிடிக்கல?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். அடுத்து, "யார்கிட்டயும் சொல்ல மாட்டீங்கள்ல மிஸ்?" என்று வரும். இந்த இடத்தில் சத்தியம் செய்துவிடக் கூடாது. நாளைக்கு அதை மீற வேண்டி வரும், ஏற்கெனவே ஓர் ஆசிரியரிடம் ஏமாந்த பிள்ளை மறுபடியும் ஏமாறும். "உனக்கு உதவுறவங்ககிட்ட மட்டும் சொல்வேன். யார்கிட்ட சொல்றேன்னு உனக்குச் சொல்லிட்டுத்தான் சொல்வேன்" என்பதே நான் சொல்வது. "ஏன் முன்னாடியே சொல்லல?" என்று கேட்பதில்லை. அவள் சொன்ன வார்த்தைகளை அப்படியே, நாள், நேரத்தோடு எழுதிக் கையெழுத்துப் போட்டு வைக்கிறேன். அவள் அதைத் தலைமையாசிரியரிடம் ஒரு தடவை, தாளாளரிடம் ஒரு தடவை, பி.டி.ஏ. தலைவரிடம் ஒரு தடவை என்று ஒப்பிக்க வேண்டி வரக்கூடாது. அந்த ஆசிரியரைக் கூப்பிட்டு எதிரில் நிறுத்தி, "இவர் முன்னாடி சொல்லு பார்க்கலாம்" என்று கேட்கிற வழக்கம் நம் பள்ளிகளில் இருக்கிறது. அதைவிடக் கொடுமை கிடையாது. காவல்துறையே அவள் வீட்டுக்கோ அவளுக்கு விருப்பமான இடத்துக்கோ போய், சீருடை இல்லாமல், இயன்ற வரை பெண் உதவி ஆய்வாளரை வைத்து, அவள் நம்புகிற ஒருவர் பக்கத்தில் இருக்கத்தான் வாக்குமூலம் வாங்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. பள்ளிக்கு மட்டும் எங்கிருந்து வந்தது அந்த அதிகாரம்?

பையன்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். மத்திய அரசின் மகளிர், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007இல் வெளியிட்ட ஆய்வு, 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் கேட்டது. ஏதோ ஒரு வகையில் பாலியல் தொந்தரவுக்கு ஆளானதாகப் பாதிக்கும் மேற்பட்டவர்கள் சொன்னார்கள். அவர்களில் பாதிக்கும் மேல் பையன்கள். பி.இ.டி. மாஸ்டரைப் பற்றியோ விடுதிக் காப்பாளரைப் பற்றியோ ஒரு பையன் சொல்ல வந்தால் பக்கத்தில் இருப்பவர் சிரிக்கிறார். அவன் அப்புறம் யாரிடமும் சொல்வதில்லை.

புகார் போன பிறகு எல்லோருடைய பேச்சும் அந்த ஆசிரியரைச் சுற்றியே இருக்கும். கைது, இடைநீக்கம், டி.வி. வண்டி. பிள்ளையை என்ன செய்வது என்று கேட்டால், "டி.சி. வாங்கிட்டுப் போயிடட்டும், அவளுக்கும் நல்லது" என்று யாராவது ஒருவர் சொல்வார். விருப்பப்பட்டு அவள் போனால் சரி, தள்ளிவிட நமக்கு உரிமை கிடையாது. அவள் அதே வகுப்பில், அதே தோழியின் பக்கத்தில் உட்கார வேண்டும். விட்டுப்போன பாடத்தை இன்னொருவர் எடுத்தாக வேண்டும். நீதிமன்றம் வழக்கை இயன்ற வரை ஓராண்டுக்குள் முடிக்க வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. பத்தாம் வகுப்பில் புகார் சொன்னவள் சாட்சி சொல்லப் போகிற நாளில் பிளஸ் ஒன்னில் இருப்பாள், அல்லது பிளஸ் டூவில். அன்றைய வருகைப் பதிவேட்டில் காரணம் எழுதக் கூடாது. அன்றைக்குச் செய்முறைத் தேர்வு வந்தால் அவளுக்கு வேறு நாள் வாங்கித் தருவதற்கு ஆய்வக ஆசிரியர் முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டும். யாரும் கேட்காமலே அதைச் செய்கிற ஓர் ஆசிரியராவது ஒவ்வொரு பள்ளியிலும் இருக்க வேண்டும்.