354

எண்கள் எனக்கு மனப்பாடம். 91 என்றால் வேலை நியமனச் சட்டம். 224 தண்டனைச் சட்டம். 353 மாதர் சாசனம். 354 வேலைக் காய இழப்பீடு. சிங்கப்பூர்ச் சட்டங்களை ஆங்கில அகரவரிசையில் அடுக்கி இப்படி அத்தியாய எண் கொடுத்திருந்தார்கள். ஈசூன் கோப்பிக் கடைக்கு வெளிநாட்டு ஊழியர்களான தம்பிகள் காகிதங்களோடு வருவார்கள். நான் எண்ணைச் சொல்வேன். வக்கீலைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்கள். நான் வக்கீல் இல்லை, கணக்கு எழுதுபவன். அந்தப் பார்வை எனக்கு வேண்டியிருந்தது.

2021 டிசம்பர் 31 அன்று அத்தியாய எண்கள் ஒழிந்தன. தண்டனைச் சட்டம் 1871, வேலை நியமனச் சட்டம் 1968 என்று ஆண்டே அடையாளமாயிற்று. அப்படி மாறியபோது நான் கேலி செய்தேன். என் எண்கள் செல்லாக் காசாகிவிட்ட எரிச்சல்தான், வேறொன்றுமில்லை.

அடுத்த ஆண்டு ஒரு தம்பி வந்தார். கட்டுமானத் தளத்தில் விரல்கள் நசுங்கியிருந்தன. எம்சி என்ற மருத்துவ விடுப்பு முடிந்து லைட் டூட்டி, அதாவது இலகுவான வேலை. ஓவர்டைம் கிடையாது, அடிப்படைச் சம்பளம் மட்டும்.

"லைட் டூட்டிக்கு ஏதாச்சும் கிடைக்குமாண்ணே?"

"கிடைக்காது தம்பி. 354-ல எம்சிக்கு மட்டும்தான்."

தேடிப் பார்க்கவில்லை. கைப்பேசி மேசைமேல்தான் கிடந்தது. தயங்கினால் தெரியாதவன் என்று ஆகிவிடும் என்பதால் உடனே சொன்னேன்.

354 அப்போது நடப்பிலேயே இல்லை. அதை நீக்கிவிட்டு வந்த 2019-ஆம் ஆண்டுச் சட்டம் 2020 செப்டம்பர் 1 முதல் அமலில் இருந்தது. அதன்படி லைட் டூட்டி நாள்களுக்கும் விபத்துக்கு முந்தைய சராசரி வருமானத்தை வைத்து இழப்பீடு உண்டு. அந்தச் சராசரியில் ஓவர்டைமும் சேரும். நான் ஏளனம் செய்த ஆண்டைச் சொல்லிப் பழகியிருந்தால், புதிதாக ஏதோ வந்திருக்கிறது என்றாவது உறைத்திருக்கும்.

அந்த மாதங்களில் அவரால் வேலைக்கு வர ஏஜெண்டுக்குக் கொடுக்க வாங்கிய கடனுக்கு வட்டி மட்டுமே கட்ட முடிந்தது. அசல் அப்படியே நின்றது.

இதுவரை சொன்னது கர்வம். இனிச் சொல்வது கோழைத்தனம். இழப்பீட்டை விபத்து நடந்து ஓராண்டுக்குள் கேட்க வேண்டும். என் தவறு எனக்குத் தெரிந்தபோது கெடு முடியவில்லை. அவர் ஈசூனில்தான் விடுதியில் இருந்தார். நடந்தே போயிருக்கலாம். போகவில்லை. போனால் அவர் மற்றவர்களிடம் சொல்வார், யாரும் காகிதத்தோடு வரமாட்டார்கள் என்று பயந்தேன். கெடு கடந்தது. வேலை பெர்மிட் முடிந்து அவரும் ஊருக்குப் போனார்.

அவருக்கு வந்திருக்க வேண்டிய தொகையைக் கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன். அது என் தொழில், சுலபமாக முடிந்தது. பணத்தை இன்னும் அனுப்பவில்லை. அனுப்பினால் எதற்கு என்று கேட்பார்.