13 நிமிட வெந்நீர்

போன மார்கழியில் கேரவன் பயணம் பற்றி ஒரு கட்டுரை எழுத வேண்டியிருந்தது. கேரள அரசு 2021-ல் கேரவன் சுற்றுலாத் திட்டத்தை அறிவித்தபிறகு, வீட்டையே வண்டியில் கொண்டுபோகும் ஆசை நம் பக்கமும் வந்துவிட்டது. அதற்காகப் படித்தபோது ஒரு விஷயம் கண்ணில் பட்டது. வெளிநாடுகளில் ஓடும் இந்த வண்டிகள் பலவற்றில் வெந்நீர்த் தொட்டி வெறும் 6 கேலன்தான். அதாவது, சுமார் 23 லிட்டர். குடும்பமே அதில்தான் குளிக்க வேண்டும். அதனால் குளிப்பதற்குக் கொஞ்ச நேரம் முன்புதான் ஹீட்டரைப் போடுவார்கள். உடம்பை நனைத்ததும் குழாயை மூடிவிட்டு சோப்பு போடுவார்கள். பிறகு திறந்து அலசிக்கொள்வார்கள்.

அம்மாவிடம் சொன்னேன். "இதுக்கா கண்ணு அத்தனை லட்சம் குடுத்து வண்டி வாங்கறாங்க? நாம லைன் வீட்டுல அதைத்தானே பண்ணிட்டிருக்கறோம்" என்று சிரித்தார்.

உண்மைதான். திருப்பூரில் எங்களுடையது ஒரு ரூம், ஒரு சமையல் மேடை. வாசலைத் தாண்டினால் பொதுக் குளியலறை. அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறார். சீசன் நேரத்தில் ஒன்றரை ஷிப்ட். காலை 8.30-க்குப் போனால் இரவு 8.30. நாள் முழுக்க நின்ற காலுக்கு ராத்திரி ஒரு பக்கெட் வெந்நீர்தான் மருந்து. அதற்கு ஒரு ஹீட்டர் ராடு.

இந்தப் பேச்சு நடந்து ஒரு வாரம் இருக்கும். ராத்திரி 9 மணி. தண்ணி காய்ந்துவிட்டதா என்று பார்க்க, சுவிட்சை அணைக்காமலே பக்கெட்டில் விரலை விட்டிருக்கிறார் அம்மா. 'ஐயோ' என்ற சத்தம் கேட்டு ஓடினேன். கையை உதறிக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. சுவிட்சை அணைத்துவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். எனக்குத்தான் அதிகம் நடுங்கியது.

மறுநாள் வந்த எலக்ட்ரீஷியன் அண்ணா ராடைத் திருப்பிப் பார்த்தார். சுருளில் வெள்ளையாக உப்பு படிந்து கல் மாதிரி இறுகியிருந்தது. இங்கே நல்ல தண்ணி வருவது சில நாட்களுக்கு ஒருமுறை. அதைக் குடிக்கவும் சமைக்கவும் பிடித்து வைப்போம். குளிக்க போர் தண்ணிதான். அந்த உப்புதான் இப்படிப் படிகிறது.

"இந்த உப்பு சூட்டைத் தண்ணிக்கு விடாதுங்க. உள்ளயே ராடு அளவுக்கு மேல காயும். காஞ்சு காஞ்சு கொழாயில விரிசல் வுட்டா, கரன்ட் தண்ணிக்கு வந்துரும். ரப்பர் செருப்பு போட்டிருந்ததால அம்மா தப்பிச்சாங்க" என்றார். அடுத்து பிளக் பாயின்ட்டைக் கழற்றினார். மூன்று ஓட்டை இருந்தது. எர்த் ஓட்டைக்குப் பின்னால் வயரே இல்லை.

அன்று ராத்திரி கணக்குப் போட்டேன். ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க சுமார் 4.2 கிலோஜூல் வேண்டும். 15 லிட்டரை 18 டிகிரி ஏற்ற 1,134 கிலோஜூல். ஒரு யூனிட் மின்சாரம் என்பது 3,600 கிலோஜூல். ஆக, ஒரு குளியலுக்கு மூன்றில் ஒரு பங்கு யூனிட்கூட ஆகாது. 1,500 வாட்ஸ் ராடுக்கு 13 நிமிடம் போதும்.

நாங்கள் என்ன செய்துகொண்டிருந்தோம்? ராடைப் போட்டுவிட்டுப் பாத்திரம் கழுவப் போவோம். அரை மணி நேரம் கழித்து வந்தால் ஆவி பறக்கும். பாதியை வேறு பக்கெட்டில் ஊற்றி, பச்சைத்தண்ணி கலந்து குளிப்போம். மீதி ஆறிப்போகும். காலையில் எனக்கு, ராத்திரி அம்மாவுக்கு என்று இரண்டு மாதத்தில் 50 யூனிட்டுக்கு மேல் வீண். மின்வாரியம் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமாகத் தருகிறது. ஆனால் எங்களைப் போல சப்-மீட்டரில் இருப்பவர்கள் முதல் யூனிட்டிலிருந்தே வீட்டுக்காரருக்குக் காசு கொடுக்கிறோம்.

இப்போது புது ராடு. போனில் 13 நிமிட டைமர். மணி அடித்ததும் சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, ஒரு நிமிடம் ஆறவிட்டு ராடை எடுக்கிறோம். அதற்குப் பிறகுதான் தண்ணீரில் கை. உடனே குளிக்காவிட்டால் பக்கெட்டைத் தட்டுப் போட்டு மூடுகிறோம். இரும்பு, அலுமினிய பக்கெட் பக்கமே போவதில்லை. மாதம் ஒருமுறை வினிகர் கலந்த தண்ணீரில் சுருளை ஊறவைத்து உப்பை எடுக்கிறோம். ஞாயிற்றுக்கிழமையில் பக்கெட்டை மூடி வெயிலில் வைத்துவிட்டால், சாயங்காலம் ராடுக்குப் பாதி வேலைதான்.

எர்த் விஷயத்தை வீட்டுக்காரம்மாவிடம் கேட்டபோது, "இத்தனை வருசமா எல்லாரும் போட்டுத்தான குளிக்கறாங்க? உங்களுக்கு மட்டும் என்னவாம்?" என்றார்.

"எட்டு வீடு இருக்குதுங்க்கா. எல்லா வீட்டுலயும் ராடு போடறாங்க. நாலு வீட்டுல சின்னக் குழந்தைங்க" என்றேன். பதில் சொல்லவில்லை. ஆனால் பத்து நாளில் ஆள் வந்து எர்த் குழி தோண்டினார்கள். எல்லா வீட்டு பிளக்குக்கும் எர்த் வயர் இழுத்தார்கள். எட்டு வீடும் பாதிப் பணம் போட்டு, அவர் மீதி போட்டு, ஆர்.சி.சி.பி எனும் ட்ரிப்பரும் வந்தது. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே அது மின்சாரத்தைத் துண்டித்துவிடும்.

நேற்று ராத்திரி டைமர் அடித்ததும் அம்மா உள்ளேயிருந்து, "பாப்பா, பிளக்கைப் புடுங்கிட்டியா?" என்றார். "புடுங்கிட்டேன்மா" என்றேன். கொஞ்ச நேரத்தில் மூன்றாவது வீட்டிலிருந்தும் அதே கேள்வி கேட்டது.