செங்கண்மாரியும் சந்தேகத்திற்குள்ளாகும் சாப்பாடும்

வன்னிப் பெருநிலத்தில் விருந்தினர் ஒருவர் வீட்டு வாசலை மிதித்ததும் முதலில் வருவது கிணற்றுத் தண்ணீர்ச் செம்பு. பின்னர் மோரோ தேநீரோ வரும். வேண்டாமென்று மறுப்பது வீட்டாரை அவமதிப்பதாகும். எனவே, எதை உண்ணலாம், எதைத் தவிர்க்கலாம் என்பது இம்மண்ணில் மருத்துவ வினா மட்டுமன்று. உறவு பற்றிய வினாவும் ஆகும்.

உணவின் வழியே பரவும் வைரசு நோய்களுள் வன்னி மக்கள் நன்கறிந்தது செங்கண்மாரி. 2009ஆம் ஆண்டு போர் முடிவுற்ற வேளையில் இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் முகாம்களில் அடைபட்டனர். அவர்களுட் பெரும்பாலோர் வவுனியா மாவட்டத்துச் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் இருந்தனர். அங்கே தண்ணீர் பவுசர்களில் வந்தது, மலகூடங்கள் போதவில்லை, சமையல் பொதுவாக நடந்தது. அவ்வாண்டில் அம்முகாம்களில் ஏ வகை ஈரல் அழற்சி பரவியதில் வியப்பில்லை. நோயாளியின் மலத்தோடு வெளியேறும் வைரசு, நீராலோ கையாலோ இன்னொருவர் வாயை அடைவதே அந்நோய் பரவும் வழியாகும்.

இந்நோயின் ஆபத்தை மதிப்பிட முனைவோரை முதலில் ஏமாற்றுவது காலம். வைரசு உடலிற் புகுந்து நோய் வெளிப்பட 15 முதல் 50 நாட்கள் வரை செல்லும். சராசரி 28 நாட்கள். ஆனால் கண் மஞ்சளானதும் குடும்பத்தார் நினைவுகூர்வது முதல்நாள் உண்ட கொத்துரொட்டியை. சந்தியில் கடை வைத்திருக்கும் ஏழைப் பெண்மீது பழி விழுகிறது. அவளது வியாபாரமும் படுத்துவிடுகிறது. உண்மையான காரணமோ ஒரு மாதத்துக்கு முன் அருந்திய ஏதோவொரு குவளை நீராக இருக்கலாம். மேலும், மஞ்சள் நிறம் தோன்றுவதற்கு முந்திய இரு வாரங்களிலேயே நோயாளி மிகுதியான வைரசை வெளியேற்றுகிறார். ஆகவே ‘நோயாளி சமைக்கலாகாது’ என்ற எச்சரிக்கை பெரும்பாலும் காலங்கடந்தே வருகிறது.

இரண்டாவதாக ஏமாற்றுவது வயது. ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுட் பெரும்பாலோர் தொற்றுக்குள்ளாகியும் அறிகுறியின்றி விளையாடித் திரிவர். அவர்களைத் தூய்மைப்படுத்திய கையே அடுத்த கணம் சம்பலைப் பிசைகிறது. வளர்ந்தோருக்கோ அதே வைரசு பல வாரப் படுக்கையைத் தருகிறது.

மூன்றாவது, தோற்றம். கலங்கலான கூழைக் கண்டு முகஞ்சுளிக்கும் நகரத்தவர், பனிக்கட்டி மிதக்கும் சர்பத்தை நம்பிக்கையோடு அருந்துவர். கூழோ நன்கு கொதித்தது. 85 பாகை வெப்பம் ஒரு நிமிடம் உட்புறம்வரை எட்டினால் இவ்வைரசு செயலிழக்கும். குளிர் அதனை அழிப்பதில்லை. 1988இல் சீனத்துச் சாங்காய் நகரில் ஏறத்தாழ மூன்று இலட்சம் பேரை இந்நோய் பீடித்தமைக்கு அரைவேக்காட்டு மட்டியே காரணமாயிற்று. ஆகவே, கோயில் திருவிழாவிற் கொதிக்கக் கொதிக்கப் பரிமாறப்படும் சோற்றைவிட, அதன்மேல் கையால் தூவப்படும் பச்சைச் சம்பலே கூடுதல் அவதானத்துக்குரியது.

ஆபத்து எல்லோருக்கும் ஒரே அளவினதுமன்று. ஈ வகை ஈரல் அழற்சி பெரும்பாலும் கழிவு கலந்த குடிநீரால் பரவும். 1955-56இல் டில்லியில் அது ஏறத்தாழ 29,000 பேருக்குச் செங்கண்மாரியை உண்டாக்கியது. பிறர் பெரும்பாலும் தேறிவிடும் அந்நோய், நிறைமாதக் கர்ப்பிணியின் உயிரைப் பறிக்கக்கூடியது. ஒரே செம்பு நீர் கணவனுக்கு ஓர் அளவாகவும் மனைவிக்கு வேறோர் அளவாகவும் ஆபத்தாகின்றது.

கை கழுவுதல், நீரைக் கொதிக்கவைத்தல், பச்சையாக உண்பவற்றை நன்னீரிற் கழுவுதல் ஆகிய அறிவுரைகள் யாவரும் அறிந்தவையே. ஏ வகைக்குத் தடுப்பூசியும் உண்டு. ஆயினும் அறிவுரை, தெரிவு செய்யும் வசதியுடையோர்க்கே பயன் தரும். பவுசர் நீருக்கு வரிசையில் நின்ற தாய்க்கு அந்த வசதி இருக்கவில்லை. அவள் எதை உண்டாள் என்று கேட்பதற்கு முன், அவளது கிணறு எங்கே, அயலிலுள்ள மலகூடம் எங்கே, நீரைக் கொதிக்கவைக்க விறகு எங்கே என்று கேட்பதே முறையான மதிப்பீடு. அவ்வினாக்களுக்கு விடை காணும் பொறுப்பு ஒரு சமையலறைக்கோ ஒரு கடைக்காரிக்கோ உரியதன்று. ஊருக்கும் அரசுக்கும் உரியது. அப்பொறுப்பு நிறைவேறும் இடத்தில், விருந்தினர் செம்பை வாங்கி அச்சமின்றி அருந்தலாம்.