சாத்தான் முட்டை

போன மாசம் பக்கத்து வீட்டுத் தாத்தா தவறிட்டார். நாங்க இருக்கறது அமெரிக்காவுல ஜார்ஜியா. நம்மூர்ல துக்க வீட்டுல அடுப்பு பத்த வைக்க மாட்டாங்க, சாப்பாடு அக்கம்பக்கத்துல இருந்துதான் போகும். இந்தத் தென்மாநிலங்கள்லயும் கிட்டத்தட்ட அதே கதைதான். ஹாம், கேசரோல், கேக்னு ஆளாளுக்குத் தூக்கிட்டு வருவாங்க. அந்த வரிசையில டெவில்ட் எக்ஸ் இல்லாம இருக்காது. அவிச்ச முட்டையைப் பாதியா வெட்டி, மஞ்சக்கருவை மட்டும் எடுத்து மசிச்சு, கலவை சேர்த்து அதே குழியில திரும்ப நிரப்பறது.

"புளியோதரை பண்ணிடட்டுமா?"ன்னு கேட்டாங்க தங்கமணி. எனக்கு முட்டைதான் தோணிச்சு. இந்த வீட்டுக்குக் குடி வந்த அன்னிக்கு அந்தப் பாட்டி எடுத்துட்டு வந்தது அதுதான். நம்ம பணியாரச் சட்டி மாதிரி குழிகுழியா, முட்டைக்குன்னே ஒரு கண்ணாடித் தட்டு. "ஸ்டஃப்டு எக்ஸ்"னுதான் சொன்னாங்க. சர்ச்சுக்குப் போற பல பேருக்கு டெவில்ங்கற வார்த்தை வாயில வராது. அதுல சாத்தானுக்கு ஒரு வேலையும் இல்லைங்க. காரசாரமான பண்டத்துக்கு 18ஆம் நூற்றாண்டுல இங்கிலீஷ்காரங்க வெச்ச பட்டப்பேர். அதைக் காரம்னு நம்மகிட்ட சொன்னா சிரிப்போம், அது வேற விஷயம் :-)

சரி, துக்க வீட்டுக்குப் போறது, நல்லதா இருக்கட்டும்னு பண்ணையில இருந்து அன்னிக்கு இட்ட முட்டையா பார்த்து ஒரு டஜன் வாங்கினேன். பச்சைத் தண்ணியில போட்டு அடுப்பை மூட்டினேன். உரிச்சா... ஓட்டோட பாதி வெள்ளைக்கருவும் சேர்ந்து வருது. ஒவ்வொண்ணும் அம்மைத் தழும்பு மூஞ்சி மாதிரி ஆயிடுச்சு. அடக்கத்துக்கு மூணு மணி நேரம்தான் இருக்கு.

விஷயம் என்னன்னா, புது முட்டைக்குள்ள கார்பன் டை ஆக்சைடு நிறைய இருக்கும். நாள் ஆக ஆக ஓட்டுல இருக்கற நுண்ணிய துளை வழியா அது வெளியேறும், வெள்ளைக்கருவோட காரத்தன்மை கூடும், உள்ஜவ்வு விட்டுக் கொடுக்கும். ஆக, உரிக்கறதுக்குப் பழசுதான் ஒசத்தி. ஃப்ரிட்ஜ்ல ஒரு கடை டப்பா கிடந்துச்சு. டப்பாவுல 3 இலக்கத்துல ஒரு எண் இருக்கும் பாருங்க, அது அடைச்ச நாள். ஜனவரி 1 தான் 001, டிசம்பர் 31 வந்தா 365. கணக்குப் போட்டுப் பார்த்தா ரெண்டரை வாரம் ஆகியிருந்துச்சு. அடிச்சது யோகம்!

இந்தத் தடவை தளதளன்னு கொதிக்கற தண்ணியில முட்டையை மெதுவா இறக்கி 12 நிமிஷம். சட்டுன்னு சூடு பட்டா வெள்ளை ஜவ்வுல ஒட்டாது. அப்புறம் நேரா ஐஸ் தண்ணி. ரொம்ப நேரம் அவிச்சா மஞ்சளைச் சுத்திப் பச்சையா ஒரு வளையம் வரும், மஞ்சளோட இரும்பும் வெள்ளையோட கந்தகமும் சேர்ற கோளாறு. நமக்கு வரலை. ஓடு சட்டை கழட்டற மாதிரி வந்துச்சு.

12 மஞ்சளுக்கு அரை கப் மயோனைஸ், மஸ்டர்ட் ரெண்டு டீஸ்பூன், வினிகர் ரெண்டு டீஸ்பூன், உப்பு. பிளாஸ்டிக் பையோட மூலையைக் கத்தரிச்சுப் பிழிஞ்சேன். மேல தூவறது பாப்ரிகா, பேருக்குத்தான் சிவப்பு. கை தானா மிளகாய்த்தூள் டப்பா பக்கம் போச்சு. தங்கமணி முறைச்சாங்க. ஆனா வேலி ஓரமா நின்னு எங்க வீட்டு மிளகாய்த்தூளைக் கேட்டு வாங்கிட்டுப் போன மனுஷன் அவர். கடைசியில பாதிக்குப் பாப்ரிகா, பாதிக்கு நம்ம தூள்.

எவர்சில்வர் தட்டுல வழுக்காம இருக்க லெட்டூஸ் பரப்பி எடுத்துட்டுப் போனோம். பாட்டி எந்தப் பக்கம் காரம்னு கேட்டாங்க. அதுல ஒண்ணு எடுத்துக் கடிச்சாங்க. கண்ணு கலங்கிடுச்சு. தண்ணி குடிச்சாங்க, இன்னொண்ணு எடுத்தாங்க.

போன வாரம் எங்க தட்டு திரும்பி வந்துச்சு, மேல அந்தக் கண்ணாடித் தட்டையும் வெச்சு. பொண்ணு வீட்டோட போய் இருக்கப் போறாங்களாம், அங்க இதுக்கு இடம் இல்லையாம். அலமாரியில வெச்சிருக்கோம், இன்னும் எடுக்கலை. பண்ணைக்காரர்கிட்ட வாங்கின இன்னொரு டஜன் ஃப்ரிட்ஜ்ல பழசாயிட்டு இருக்கு.