கடன் கொடுத்த சிநேகிதர்

நம் தமக்கையின் கணவர் தங்கமான மனிதர். நாம் வீடு கட்டியபோது, கேட்ட மாத்திரத்தில் இரண்டு லட்சம் ரூபாய் எடுத்துக் கொடுத்தார், பத்திரங்கூடக் கேட்கவில்லை. சென்ற தை மாதம் தம் பெண்ணின் கல்லூரிப் படிப்பை நடுவில் நிறுத்திக் கல்யாணம் செய்யப்போவதாக அவர் சொன்னார். இருபது வருஷமாகப் பெண் கல்வியைப் பற்றி வகுப்பிலே முழங்கிவரும் நாம், "உங்கள் இஷ்டம், அத்தான்" என்று சொல்லிக் காப்பியைக் குடித்துவிட்டுத் திரும்பினோம்.

அந்த வாரந்தான் வகுப்பில் சூயஸ் விவகாரம் வந்தது. 1956 ஜூலை 26-ஆம் தேதி எகிப்தின் ஜனாதிபதி நாஸர் கால்வாய்க் கம்பெனியை தேசவுடைமையாக்கினார். அக்டோபர் 29-இல் இஸ்ரேல் படையெடுத்தது. அதையே சாக்காக வைத்து நவம்பர் 5-இல் பிரிட்டிஷ், பிரெஞ்சுப் படைகள் இறங்கின. மறுநாளே பிரதம மந்திரி ஈடன் போரை நிறுத்தச் சம்மதித்துவிட்டார்!

"ஜயித்துக்கொண்டிருந்தவர் ஏன் நிறுத்தினார், ஸார்?" என்று ஒரு பையன் கேட்டான்.

ஐக்கிய நாடுகளின் கண்டனமும் ஸோவியத் மிரட்டலும் இருந்தது வாஸ்தவந்தான். ஆனால் இடுப்பை ஒடித்தது வேறு. பவுனுக்கு 2.80 டாலர் என்ற விகிதத்தைக் காப்பாற்றப் பிரிட்டனின் கஜானா கரைந்துகொண்டிருந்தது. சர்வதேச நிதியிடம் கைநீட்டினால் அமெரிக்கா தடுத்தது. யுத்தத்தில் தோளோடு தோள் நின்ற அமெரிக்கா! 1946-இல் 375 கோடி டாலர் கடன் கொடுத்த அமெரிக்கா! (அந்தக் கடனின் கடைசித் தவணை 2006 டிசம்பரில்தான் தீர்ந்தது.) பிரான்ஸ் சாமர்த்தியசாலி; அக்டோபரிலேயே நிதியிடம் தன் ஏற்பாட்டை முடித்துக்கொண்டிருந்தது. படையை வாபஸ் வாங்குவதாகப் பிரிட்டன் டிசம்பரில் அறிவித்ததும், சுமார் 130 கோடி டாலருக்கு வழி திறந்தது. டிசம்பர் 22-இல் படைகள் முழுவதும் வெளியேறின.

அன்று கடன்காரனைக் கட்டிய கயிறு நியாயத்தின் பக்கம் இழுத்தது, எகிப்து பிழைத்தது. கயிறு எப்போதும் அந்தப் பக்கமே இழுக்குமென்று பையன்களுக்குச் சொல்ல நமக்கு வாய் வரவில்லை.

அன்று மாலை தமக்கையின் பெண் போனில் கூப்பிட்டாள். "மாமா, அப்பாவிடம் நீங்கள் ஒன்றுமே சொல்லவில்லையா?"

தாய்மாமனுக்கு உள்ள பாத்தியதை அவளுக்கும் தெரியும். கடன் பாக்கி தொண்ணூறாயிரம் என்பது மட்டும் தெரியாது. மறுநாள் பிராவிடண்டு பண்டில் முன்பணத்துக்கு மனுப் போட்டோம். பணம் எப்போது வருமோ! முகூர்த்தம் வைகாசியில்.